டெலிவிஷன் நாடகம் காட்டிக் கொடுத்த நோய்!

அவருக்கு வயது 55. ஜெர்மனி நாட்டுக்காரர்.

நன்றாக நடமாடிக் கொண்டிருந்தவர்தான். திடீரென்று இருதயம் பலவீனம் அடைந்தது. முதலில் நடந்தால் மூச்சு இரைத்தது. பிறகு உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்கியது.

அதோடு நிற்கவில்லை. காது மந்தம் ஆயிற்று. கண் பார்வை மங்கிக் கொண்டே போயிற்று. இன்ன காரணம் என்று தெரியாமல் காய்ச்சல் அடித்தது. தொண்டைக்குக் கீழே உணவுக் குழாய் புண்ணாகி இருந்தது. கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பியும் சரியாக வேலை செய்யவில்லை.

ஒரு மனிதருக்கு இத்தனை நோயா?

டாக்டர்கள் பார்த்தார்கள். இருதயத்துக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்று சோதித்தார்கள். அடைப்பு இல்லை. காய்ச்சலுக்குக் கிருமி காரணமா என்று தேடினார்கள். கிருமி அகப்படவில்லை. ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொரு உறுப்பைப் பார்த்தார். ஆளோ நாளுக்கு நாள் தேய்ந்து கொண்டே வந்தார்.

2012-ம் ஆண்டு மே மாதம் அவரை மார்பர்க் நகரத்துப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். மார்பர்க் சிறிய ஊர். ஆனால் மருத்துவத்தில் பெரிய பெயர் பெற்ற ஊர். தொண்டை அடைப்பான் நோய்க்கு மருந்து கண்டு, 1901-ல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசைப் பெற்ற பேரிங் வேலை பார்த்த இடம் அதுதான்.

அங்கே யூர்கென் ஷேபர் என்ற பேராசிரியர் இருந்தார். இருதய நோய் டாக்டர். அவர் நோயாளியின் கதையைக் கேட்டார். இடுப்பில் ஆபரேஷன் நடந்த விவரம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இந்த நோயாளியை அவருக்கு முன்பே தெரியும்!

எங்கே பார்த்தார்? ஆஸ்பத்திரியில் அல்ல. டெலிவிஷன் நாடகத்தில்!

நொண்டி டாக்டர்

ஹவுஸ் என்றால் வீடு என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அமெரிக்காவில் "ஹவுஸ்" என்றால் ஒரு டாக்டர் நினைவுக்கு வருவார். அவர் உண்மை டாக்டர் அல்ல. நாடகத்து டாக்டர்.

2004-ம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் 2012-ம் ஆண்டு மே மாதம் வரை இந்த நாடகம் நடந்தது. மொத்தம் 177 பகுதிகள். உலகம் முழுவதும் ஓடியது.

டாக்டர் ஹவுஸ் கைத்தடி ஊன்றி நடப்பவர். தொடைத் தசைக்கு ரத்தம் போகாமல் தசை செத்துப் போனதால், கால் ஓயாமல் வலிக்கும். வலிக்காக மாத்திரை விழுங்கி, கடைசியில் மாத்திரைக்கே அடிமை ஆனவர். யாரையும் மதித்துப் பேச மாட்டார். நோயாளிகளைப் பார்ப்பதையே வெறுப்பார். நோயாளி பொய் சொல்லுவான் என்பது அவர் கட்சி. ஆனால், வேறு யாருக்கும் பிடிபடாத நோயை அவர் கண்டு பிடித்து விடுவார்.

இப்படி ஒரு மனிதரை வேறு எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதா? இருக்கும். துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸ்தான் இவர்! ஹோம்ஸ் என்ற பெயரே ஹவுஸ் ஆயிற்று. ஹோம்ஸின் நண்பர் வாட்சன். ஹவுசின் நண்பர் வில்சன். ஹோம்ஸ் குடியிருந்த வீட்டின் இலக்கம் 221-பி. ஹவுசின் வீட்டுக்கும் அதே இலக்கம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயில் ஒரு டாக்டர். எடின்பரோ நகரில் தனக்கு வைத்தியம் கற்றுக் கொடுத்த ஜோசப் பெல் என்ற டாக்டரைப் பார்த்துத்தான் ஹோம்சை உண்டாக்கினார். டாக்டர் துப்பறிபவர் ஆனார். நூறு வருஷம் கழித்து, துப்பறிபவர் மறுபடியும் டாக்டர் ஆகி விட்டார்!

ஹவுஸ் வேஷம் போட்டவர் ஹியூ லாரி என்ற இங்கிலீஷ்காரர். இவர் டாக்டர் அல்ல. இவருடைய தகப்பனார் நிஜ டாக்டர். 1948 லண்டன் ஒலிம்பிக் படகுப் பந்தயத்தில் தங்கப் பதக்கம் வாங்கியவர்.

நாடகத்தில் வரும் நோய்கள் கட்டுக்கதை அல்ல. லிசா சாண்டர்ஸ் என்ற பெண் டாக்டர் "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகையின் வார இதழில், பிடிபடாத நோய்களைப் பற்றி எழுதி வந்தார். அதுதான் நாடகத்துக்கு வித்து. நாடகக்காரர்களுக்கு அவரே யோசனையும் சொன்னார்.

இடுப்பில் இருந்த எமன்

மார்பர்க் பேராசிரியர் ஷேபர் இந்த நாடகத்தைப் பொழுது போக்காக மட்டும் பார்க்கவில்லை. மாணவர்களுக்குப் பாடம் நடத்தப் பயன்படுத்தினார். நாடகத்தில் ஒரு காட்சியைக் காட்டுவார். பிறகு, "இந்த நோயாளி நம்மிடம் வந்திருந்தால் நாம் பிழைக்க வைத்திருப்போமா?" என்ற கேள்வியை வைத்து வகுப்பு நடக்கும். சாதாரண வகுப்புக்கு வராத மாணவன்கூட இந்த வகுப்புக்கு வந்து விடுவான் அல்லவா?

2011-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஒளிபரப்பான பகுதியில், ஆஸ்பத்திரித் தலைவியின் தாயார் நோயாளியாக வருவார். அந்த அம்மாளின் இருதயம் கெட்டுக் கொண்டே போகும். கடைசியில் காரணம் தெரியும். அவருக்கு இடுப்பு மூட்டை எடுத்து விட்டு உலோக மூட்டு வைத்திருந்தார்கள். அதிலிருந்து கோபால்ட் என்ற உலோகம் ரத்தத்தில் கலந்து விட்டது!

ஷேபர் முன்னால் படுத்திருந்தவருக்கும் இடுப்பில் செயற்கை மூட்டு இருந்தது. முதலில் பீங்கான் மாதிரியான பொருளால் செய்த மூட்டு. அது உடைந்து விட்டது. 2010-ம் ஆண்டில் அதை எடுத்து விட்டு உலோக மூட்டு வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு கோளாறாகத் தலை காட்டியது.

ஷேபருக்குச் சந்தேகம் தட்டியது. ரத்தத்தைச் சோதிக்கச் சொன்னார்.

ரத்தத்தில் கோபால்ட் குவிந்து கிடந்தது. இருக்க வேண்டிய அளவைப் போலப் பல நூறு மடங்கு!

நடந்தது இதுதான். உடைந்த பழைய மூட்டின் பொடிச் சில்லுகள் உள்ளேயே தங்கி விட்டன. இந்தப் பொருள் உலோகத்தை விடக் கடினமானது. ஆட்டுக்கல்லில் மணல் விழுந்தால் என்ன ஆகும்? மாவோடு கல்லும் தேயும். அதே மாதிரி, அந்த மனிதர் ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் சில்லுகள் உலோகக் குமிழை அரைத்தன. அரைத்த பொடி ரத்தத்தில் சேர்ந்தது. ரத்தம் போன இடம் எல்லாம் அதுவும் போயிற்று.

இருதய டாக்டர் இருதயத்தைப் பார்த்தார். காது டாக்டர் காதைப் பார்த்தார். கண் டாக்டர் கண்ணைப் பார்த்தார். எமன் இடுப்பில் உட்கார்ந்திருந்தான்!

அந்த டாக்டர்களைக் குறை சொல்வதற்கு இல்லை. இது ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய்கூட அல்ல. இடுப்பு மூட்டு மாற்றிக் கொண்ட லட்சோப லட்சம் பேர் சுகமாக நடமாடுகிறார்கள். ஆகையால் மூட்டு மாற்றிக் கொண்டவர்கள் இதைப் படித்து விட்டுக் கலங்க வேண்டாம். எந்த டாக்டரிடம் போனாலும், எப்போதோ நடந்த ஆபரேஷன் ஆயிற்றே என்று விட்டு விடாமல் சொல்லி வையுங்கள். அது போதும்.

பீரில் கலந்த கோபால்ட்

கோபால்ட் புதிய பொருள் அல்ல. கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் நீல நிறம் கொடுப்பது அது. நம் உடம்புக்கும் அது துளி அளவு வேண்டும். வைட்டமின் பி-12 என்ற சத்தில் இருக்கிறது. அளவு மீறினால்தான் ஆபத்து.

அந்த ஆபத்தை 1960-களிலேயே டாக்டர்கள் கண்டிருக்கிறார்கள். கனடா நாட்டில் கியூபெக் நகரில், 1965-66-ல், நிறைய பீர் குடிக்கும் ஆண்கள் வரிசையாக இருதயம் நின்று இறந்தார்கள். ஏறக்குறைய 50 பேருக்கு நோய் கண்டது. அவர்களில் 20 பேர் மாண்டார்கள். பீரில் நுரை நெடு நேரம் நிற்பதற்காகக் கோபால்ட் உப்பைக் கலந்திருந்தார்கள்! கலப்பதை நிறுத்தினார்கள். நோயும் நின்றது.

நுரைக்காக 20 உயிர்!

டீச்சரம்மாவும் நாடாப் புழுவும்

டாக்டர் ஹவுஸ் நாடகத்தின் முதல் பகுதியில் வரும் நோய் வேறு. அது ஜெர்மனியைக் காட்டிலும் நமக்குத்தான் அதிகம் தெரிந்திருக்க வேண்டிய நோய்.

பாலர் வகுப்பு டீச்சர் ஒருவர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொண்டிருப்பார். திடீரென்று வாய் குழறும். வலிப்பு வந்து கீழே விழுவார். மூளையில் கட்டி என்று சந்தேகிப்பார்கள். அது கட்டி அல்ல. மூளைக்குள் நாடாப் புழுவின் குட்டி! டீச்சரம்மா நம்ப மாட்டார். ஆதாரம் கேட்பார். புழுவின் குட்டிகள் தொடைத் தசையிலும் குடியேறும் என்பதால், தொடையை எக்ஸ்ரே எடுத்துக் காட்டுவார்கள். அங்கேயும் புழு இருக்கும். மாத்திரையிலேயே குணமாகி விடும்.

இதில் துப்பு என்ன தெரியுமா? டீச்சர் வீட்டில் இருந்த பன்றி இறைச்சி!

இங்கேதான் நாடகம் பார்த்தவர்கள் ஏமாந்து போகக் கூடும். "நான் பன்றி இறைச்சி தொடுவதில்லை. எனக்கு இந்த நோய் வராது" என்று நினைத்துக் கொள்ளலாம். அது தவறு.

சரியாக வேகாத பன்றி இறைச்சியைத் தின்றால் குடலில் நாடாப் புழு வளரும். குடலோடு சரி. அந்தப் புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளியே வருகின்றன. அந்த முட்டைகளை விழுங்குகிறவருக்குத்தான் மூளையில் புழுவின் குட்டி போய்த் தங்குகிறது. முட்டை கண்ணுக்குத் தெரியாது. கழுவாத கையில் இருக்கலாம். கழுவாத கீரையில் இருக்கலாம். சுத்த சைவருக்கும் வரலாம்!

அமெரிக்காவில் நியூயார்க் நகரில் யூதர்கள் 4 பேருக்கு இந்த நோய் வந்ததாக 1992-ல் ஒரு மருத்துவப் பத்திரிகையில் வெளியாயிற்று. ஆசாரமான யூதர்கள் பன்றி இறைச்சியைத் தொடவே மாட்டார்கள். ஆராய்ந்து பார்த்தபோது, அவர்கள் வீடுகளில் வேலை செய்தவர்களில் ஒருவரிடம் நாடாப் புழு இருந்தது தெரிய வந்தது. குடலில் புழு இருப்பது பெரும்பாலும் இருப்பவருக்கே தெரியாது. ஆகவே வேலைக்காரர்களைக் குறை கூறிப் பயன் இல்லை. மருந்து கொடுத்தால் புழு போய் விடும்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் வேலூர் மாவட்டத்தில் வீடு வீடாகப் போய்ச் சுமார் 50 ஆயிரம் பேரை விசாரித்தார்கள். முடிவு 2006-ல் வெளிவந்தது. வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பேருக்கு இந்தப் புழுதான் காரணம்!

வலிப்பு வந்தால் பேய், பிசாசு என்று மந்திரவாதியைத் தேடி ஓடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வலிப்பு உள்ள பெண் என்றால் கல்யாணம் தட்டிப் போகிறது. பேயும் இல்லை, பரம்பரைச் சாபமும் இல்லை. பலருக்கு அது ஒரு புழு. மருந்துக்கு அடங்குகிற புழு.

சாவிக் கொத்தைத் தேடாதீர்கள்

வலிப்பு வந்தவருக்கு உடனே என்ன செய்ய வேண்டும்? டெலிவிஷனைப் பார்த்துக் கற்றுக் கொள்ளலாமா?

கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இதையே சோதித்தார்கள். ஹவுஸ் உள்பட நான்கு ஆஸ்பத்திரி நாடகங்களை எடுத்துக் கொண்டு, 327 பகுதிகளைப் பார்த்தார்கள். 59 வலிப்புக் காட்சிகள் வந்தன. 2010-ல் முடிவைச் சொன்னார்கள். பாதிக்குச் சற்றுக் குறைவான இடங்களில் முதலுதவி தவறு! வலிப்பு வந்தவரை அமுக்கிப் பிடிப்பது, வாயில் எதையாவது திணிப்பது - இவை எல்லாம் நாடகத்து டாக்டர்கள் செய்த காரியம்.

நம் ஊரில் கையில் இரும்பைக் கொடுப்போம். "சாவிக் கொத்து எங்கே? சாவிக் கொத்து எங்கே?" என்று பஸ் நிலையமே அலறும்.

சாவி கொடுத்ததும் வலிப்பு நிற்கிறதே என்று கேட்பீர்கள். சாதாரணமாக வலிப்பு ஓரிரு நிமிஷத்தில் தானாகவே நின்று விடும். சாவியைத் தேடி எடுப்பதற்கும் அவ்வளவு நேரம் ஆகும். பெயர் சாவிக்குப் போய் விடுகிறது!

பக்கத்தில் உள்ள கூர்மையான சாமான்களை அப்புறப்படுத்துங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். தலைக்குக் கீழே துணியை மடித்து வையுங்கள். ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். எச்சில் வெளியே வழிந்து விடும். வாயில் எதையும் வைக்காதீர்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள். கை கால்களை அமுக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிஷத்துக்கு மேல் நீடித்தால், உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

செத்தவர் எழுந்திருக்கும் நாடகம்

எந்த ஆஸ்பத்திரி நாடகம் ஆனாலும் ஒரு காட்சி தப்பாது.

நோயாளியின் இருதயம் நின்று விடும். பெட்டியில் ஓடிய கோடு நேர்கோடு ஆகி விடும். டாக்டர் இரண்டு இஸ்திரிப் பெட்டி மாதிரி எதையோ நெஞ்சில் வைப்பார். மின்சாரம் பாயும். நோயாளி துள்ளி எழுவார். மனைவி கண்ணீரோடு கட்டிக் கொள்வாள்.

இந்தக் காட்சியில் இரண்டு பொய் இருக்கிறது.

நேர்கோடாக நின்று விட்ட இருதயத்துக்கு மின்சாரம் கொடுப்பதில் பலன் இல்லை. தாறுமாறாகத் துடிதுடிக்கும் இருதயத்தை ஒழுங்குக்குக் கொண்டு வரத்தான் அந்த மின்சாரம்.

இரண்டாவது பொய் பெரிய பொய். 1996-ல் அமெரிக்க டாக்டர்கள் மூவர் இதைக் கணக்குப் பார்த்தார்கள். "ஈ.ஆர்." என்ற பிரபல நாடகம் உள்பட மூன்று நிகழ்ச்சிகளை எடுத்துக் கொண்டார்கள். நின்று போன இருதயத்தை அழுத்தி உயிர்ப்பிக்கும் காட்சி 60 வந்தது. நூற்றுக்கு 75 பேர் அப்போதைக்குப் பிழைத்தார்கள். 67 பேர் வீட்டுக்கே போனார்கள்! அவர்களில் மிகப் பலர் குழந்தைகள், வாலிபர்கள்.

உண்மையில் இருதயம் நிற்பது பெரும்பாலும் வயோதிகர்களுக்கு. ஆஸ்பத்திரிக்கு வெளியே விழுந்தவர்களில் பத்துப் பேரில் ஒருவர் பிழைப்பதே அமெரிக்காவில்கூடப் பெரிய காரியம்.

நாடகத்தில் எல்லோரும் எழுந்து உட்காருவதைப் பார்த்துப் பழகியவர்கள், ஆஸ்பத்திரியில் தகப்பனார் எழுந்திருக்கவில்லை என்றால் டாக்டர் மீது பாய்கிறார்கள். டாக்டர் வாங்கும் அடிக்கு நாடகக்காரன் பொறுப்பு ஏற்பானா?

இதனால் அழுத்துவது வீண் என்று எண்ணி விடக் கூடாது. பத்தில் ஒருவர் என்றாலும் அவர் ஒரு வீட்டுத் தகப்பன். பேச்சு மூச்சு இல்லாமல் ஒருவர் விழுந்து விட்டால், உதவிக்குப் போன் செய்து விட்டு, நடு நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை வரை அழுத்த வேண்டும். பெரியவர்களுக்கு இரண்டு அங்குல ஆழம் அழுத்த வேண்டும். நாடகத்தில் நடிகர் அப்படி அழுத்தினால் எதிரே படுத்திருக்கும் நடிகருக்கு விலா எலும்பு போய் விடும்! அதனால் அவர்கள் மெதுவாகத் தொடுவதோடு சரி.

நடிகருக்கு வந்த கடிதங்கள்

நாடகம் என்று தெரிந்தும் ஜனங்கள் நம்புகிறார்கள். இது இன்று நேற்று வந்தது அல்ல.

அமெரிக்காவில் 1969 முதல் 1976 வரை "மார்கஸ் வெல்பி" என்ற டாக்டர் நாடகம் நடந்தது. டாக்டராக நடித்தவர் ராபர்ட் யங். முதல் 5 வருஷத்தில் அவருக்கு வந்த கடிதங்கள் இரண்டரை லட்சத்துக்கு மேல்! அவற்றில் பெரும்பாலானவை, "எனக்கு இன்ன நோய். என்ன மருந்து சாப்பிடலாம்?" என்று கேட்டவை. நடிகர் என்ன மருந்து சொல்லுவார், பாவம்!

ஜெர்மனியில் நடந்தது இதற்கு நேர் எதிர். கோபால்ட் கதையை ஷேபரும் அவருடைய சகாக்களும் 2014-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் "லான்செட்" என்ற மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். டாக்டர் ஹவுஸ் செய்த உதவியைத் தலைப்பிலேயே போட்டார்கள். ஷேபரை "ஜெர்மனியின் டாக்டர் ஹவுஸ்" என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. பிடிபடாத நோய்களுக்கு என்று மார்பர்க்கில் ஒரு தனி நிலையம் 2013-ல் ஏற்பட்டது. அதற்கு ஆயிரக் கணக்கில் கடிதங்கள் குவிந்தன. பல ஆஸ்பத்திரி ஏறி இறங்கி, இன்ன நோய் என்றே தெரியாமல் வாடியவர்கள் எழுதிய கடிதங்கள். இந்த முறை கடிதம் நடிகருக்குப் போகவில்லை. நிஜ டாக்டருக்குப் போயிற்று.

அந்த 55 வயதுக்காரர் என்ன ஆனார்?

உலோக மூட்டை எடுத்தார்கள். மறுபடியும் பீங்கான் வகை மூட்டையே வைத்தார்கள். ரத்தத்தில் இருந்த கோபால்ட் மளமளவென்று குறைந்தது. காய்ச்சல் போயிற்று. உணவுக் குழாய்ப் புண் ஆறியது.

நல்ல இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் உள்ள ரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியே தள்ளும். 14 மாதத்துக்குப் பிறகு சோதித்தபோது, அவருடைய இருதயம் நூற்றுக்கு 40 பங்கு தள்ளிக் கொண்டிருந்தது. மூச்சு இரைத்துச் சாகக் கிடந்தவருக்கு அது போதும்.

காதும் கண்ணும் மட்டும் பழையபடி ஆகவில்லை. கொஞ்சம்தான் தேறின.